டிக்கி விளிம்பில் மூன்று கீறல்கள்

ஷஃபான் மாதக் கடைசியில் நமது மதரஸாவின் கிதாபுகளையும் ரிஹால்களையும் புதிய கட்டடத்திற்கு மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த தெருப் பெரியவர் ஒருவர், ஊரே அவரைக் காக்கா என்றுதான் அழைக்கும், தமது காரை ஒரு நாளைக்கு இரவலாகத் தந்தார். மஃரிபுக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தோம். மூன்றாவது நடையில், கிதாபுகள் நிறைந்த தகரப் பெட்டியை இழுத்து இறக்கும்போது அதன் மூலை, டிக்கியின் விளிம்பிலுள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கை உரசிவிட்டது. மூன்று கீறல்கள். கறுப்பின் மேல் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் கார்களின் உட்புற வேலை செய்யும் கடை வைத்திருக்கிறார். நேரே அங்கே சென்றோம். உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடுமா எனக் கேட்டதும் அவர் பதறிவிட்டார். "ஹஜ்ரத், அதை மட்டும் செய்துவிடாதீர்கள். தோல் போன்ற இந்தச் சொரசொரப்பு அச்சிலேயே வார்க்கப்பட்டது. தேய்த்தால் வழவழப்பாகிக் கீறலைவிட அசிங்கமாகத் தெரியும்" என்றார். பெயிண்டும் எளிதன்று, இவ்வகைப் பாலிப்ரொப்பிலீனில் சாதாரணப் பெயிண்ட் ஒட்டாது, அதற்கென்று தனிப் பிரைமர் அடிக்க வேண்டுமாம்.

சோப்பு நீரால் பிசுக்குப் போகக் கழுவித் துடைத்தார். பிறகு ஹீட் கன்னை அரைச் சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்திலும் நிறுத்தாமல் முன்னும் பின்னும் அசைத்தார். வெண்மை மெல்ல மங்கத் தொடங்கியது. பிளாஸ்டிக் நசுங்கி இழுபட்டதால் வந்த வெளிறல் அது. சூட்டில் இளகும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஏறத்தாழ 160 டிகிரியில் உருகிவிடும் பொருள் என்பதால் பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் பளபளப்பு விழும், பிளாஸ்டிக் நெளியும். இரண்டு கீறல்கள் தேடினாலும் கிடைக்கவில்லை. மூன்றாவது ஆழமானது. துருத்தி நின்ற பிசிறைப் பிளேடால் சீவினார். நல்ல பகுதியில் சிலிகான் பூசி எடுத்த அச்சை, இளகிய இடத்தில் வைத்து அழுத்தினார். சொரசொரப்புப் பாதிதான் வந்தது. நகக்கண் அளவு பளபளப்பு மிஞ்சியது.

"கறுப்புப் பாலிஷ் தடவிவிடுகிறேன், ஹஜ்ரத். கொஞ்ச நாளைக்கு யாருக்கும் தெரியாது" என்றார், நல்ல மனத்தோடுதான். நமக்கும் ஆசை எழுந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்த வாரம்தான் மாணவர்களுக்கு இரவல் பற்றிய பாடத்தை நடத்தியிருந்தோம். ஹிஜ்ரி 8இல் ஹுனைன் போருக்காக நபி (ஸல்) அவர்கள், அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத ஸஃப்வான் இப்னு உமையாவிடம் கவசங்களை இரவல் பெற்றார்கள். பொறுப்பேற்ற இரவல் என்றே வாக்களித்தார்கள். அவற்றுள் சில தவறிப்போனபோது ஈடு தர முன்வந்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதித்த பயன்பாட்டால் வரும் தேய்மானம் நீங்கலாக, மற்ற சேதத்திற்கு இரவல் பெற்றவரே பொறுப்பு. ஹனஃபி மத்ஹபில் வரம்பு மீறலோ கவனக்குறைவோ இருந்தாலன்றிப் பொறுப்பில்லை. கிதாபு ஏற்றத்தானே கேட்டோம் என்று மனம் வாதாடியது. ஆனால் தகரப் பெட்டி என்று நாம் காக்காவிடம் சொல்லவில்லை. அதைத் தூக்காமல் இழுத்ததும் நாமே. எந்த மத்ஹபிலும் நமக்கு ஒளிய இடமில்லை. பாலிஷ் வேண்டாமென்றோம்.

மஃரிபுக்கு முன்பே காரைக் கொண்டுபோய் நிறுத்தி, டிக்கியைத் திறந்து காட்டினோம். காக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். சற்று நேரம் பேசவில்லை. "வெள்ளிக்கிழமை இந்தக் காரை வாங்க ஒருவர் வருகிறார், ஹஜ்ரத். ஒரு கீறலும் கிடையாது என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்" என்றார். நமக்கு வியர்த்துவிட்டது. பாலிஷ் தடவியிருந்தால், நாம் மறைத்த குறையை அந்தப் பெரியவர் தம் வாயால் விற்றிருப்பார்.

வாங்க வந்தவர் அந்த இடத்தைப் பார்த்து 1,000 ரூபாய் குறைத்துக்கொண்டார். அந்தத் தொகையை நாம் கொண்டுபோனபோது காக்கா வாங்க மறுத்தார். வற்புறுத்தியபின் 500 மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை நமது ஜிப்பாப் பையிலேயே செருகிவிட்டார். தகரப் பெட்டியின் மூலைகளுக்கு இப்போது பழைய ஜமுக்காளத் துணியைச் சுற்றித் தைத்திருக்கிறோம்.