பாட்டிலுக்கு சுவிட்ச் கிடையாது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மீன் வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் செடியும் கேட்கிறார்கள். செடி வாங்கியவர் அடுத்து கேட்பது ஒன்றுதான்: "கார்பன் டை ஆக்சைடு விடணுமாமே, வீட்டுலயே செய்யலாமா சார்?" செய்யலாம். ஆனால் உங்கள் மீன் தொட்டியில் இருக்கும் செடிக்கு அது வேண்டுமா என்று முதலில் பாருங்கள்.

நம் பக்கத்து போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் வேலை அது. ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் அந்த பைகார்பனேட்டிலிருந்தே தங்களுக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் மெதுவாக வளர்கிறவை, அவசரப்படுத்தினாலும் வளராது. பல்லாவரம், குரோம்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பேர்போன இடம். சில தெருக்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக் கிடக்கிறது. அங்கே செடி கருகினால் பழி தண்ணீர்மேல்தான். வாயு விட்டுப் பயனில்லை. சிவப்பு ரொட்டாலா, தரையில் புல்வெளி மாதிரி படரும் செடி, பிரகாசமான எல்இடி விளக்கு என்று ஆசைப்பட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

ஈஸ்ட் முறை மலிவு. இரண்டு லிட்டர் பாட்டிலில் 200 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் ஈஸ்ட், மூன்றில் இரண்டு பங்குக்கு வெதுவெதுப்பான தண்ணீர். மேலே காலி இடம் விடுவது நுரைக்காக. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்குகிறது. அத்தனை சர்க்கரையும் புளித்தாலும் கிடைக்கிற வாயு 100 கிராமுக்குப் பக்கம்தான். ஒரு மனிதர் ஒரே நாளில் மூச்சில் விடுவது ஏறக்குறைய ஒரு கிலோ. ஆகவே படுக்கையறையில் வைத்தால் மூச்சு முட்டுமோ என்ற பயம் வேண்டாம். ஆபத்து பாட்டிலுக்கும் மீனுக்கும்தான்.

ஏனென்றால் இந்தப் பாட்டிலுக்கு சுவிட்ச் கிடையாது. விளக்கை அணைத்தால் செடி வாயு எடுப்பதை நிறுத்திவிடும்; ஈஸ்ட் நிறுத்தாது. கரண்ட் போனால் ஏர் மோட்டார் நிற்கும். ஈஸ்ட் அப்போதும் நிற்காது. மே மாத மத்தியானம் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் அது இன்னும் வேகமாக வேலை செய்யும். குளிர் ஊர்க்காரர் எழுதிய அளவை அப்படியே எடுத்துப் போட்டால், அங்கே பல வாரம் சொட்டுச் சொட்டாக வர வேண்டிய வாயு இங்கே சில நாளில் பொங்கி வரும். ஈஸ்ட்டைக் குறைத்துப் போடுங்கள், பாட்டிலை வெயில் படாத மூலையில் வையுங்கள்.

ராத்திரி வாயு வேண்டாமே என்று, பாட்டிலிலிருந்து தொட்டிக்குப் போகும் டியூபில் கிளிப் போட்டு இறுக்குகிறவர்கள் உண்டு. இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அழுத்தம் ஏறிய சோடா பாட்டில் என்ன செய்யும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரியில் டியூபைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப் போடுங்கள். அல்லது ஏர் மோட்டாரை ஓடவிடுங்கள். வாயு வெளியேறும் வழி எந்த நேரமும் திறந்திருக்க வேண்டும். டியூப் நுனியில் வாயுவைப் பொடிக் குமிழிகளாக்கும் நுண்துளை டிஃப்யூசர் பாசி பிடித்து அடைந்துபோனாலும் கிளிப் போட்டதற்குச் சமம்தான். வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

பாட்டில் எதுவென்றால், கூல்டிரிங்ஸ் வந்த கனமான பெட் பாட்டில். அடிப்பக்கம் ஐந்து கால் வைத்தது போல் இருக்கும். அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே அப்படி வார்க்கிறார்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் ஆகாது. கண்ணாடி ஜாடியைத் தொடவே கூடாது. வெடித்தால் சில்லு பறக்கும். மூடி சமாச்சாரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அந்த பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. எம்-சீலும் இரண்டொரு வாரத்தில் பெயர்ந்து வரும். டியூபின் தடிமனைவிடச் சற்றே சிறிய துளை போடுங்கள். டியூப் நுனியைப் பேனா முனை போலச் சாய்வாக வெட்டி, துளையில் நுழைத்து, அடியிலிருந்து குறடால் இழுங்கள். ரப்பர் நெரிந்து தானாக இறுகிக்கொள்ளும். பிறகு சோப்புத் தண்ணீர் தடவி நுரை கிளம்புகிறதா என்று பாருங்கள்.

அந்த மூடிக்கும் தொட்டிக்கும் நடுவே தண்ணீர் ஊற்றிய சின்ன பாட்டில் ஒன்று அவசியம். ஈஸ்ட் நுரை பொங்கினால் அதில் தங்கும். தங்காமல் தொட்டிக்குள் போனால் தண்ணீர் வெண்மையாகக் கலங்கி, பாக்டீரியா பெருகி, மீனுக்கான ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதற்கு அப்புறம் ஒரு செக் வால்வ். இல்லாவிட்டால் பாட்டிலில் அழுத்தம் குறைந்த நாளில் தொட்டித் தண்ணீர் டியூப் வழியே கீழே இறங்கும். பாட்டில் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவருக்கு நான் சொல்வது சிட்ரிக் ஆசிட், சமையல் சோடா ஜோடி. ஆசிட்டுக்கு ஒன்று, சோடாவுக்கு ஒன்று என இரண்டு பாட்டில், அழுத்தமானி, நீடில் வால்வ், பாதுகாப்பு வால்வ் எல்லாம் சேர்த்து கிட்டாக விற்கிறார்கள். தொட்டிக்கு வாயு போகப் போக சோடா பாட்டிலில் அழுத்தம் குறையும். அப்போது ஆசிட் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளப்பட்டு மறுபடி வாயு உண்டாகும். வால்வை மூடினால் ஆசிட் நகராது, வேலை நிற்கும். ராத்திரி மூட முடிகிற வீட்டுத் தயாரிப்பு என்று எனக்குத் தெரிந்து இதுதான். ஆனால் பாட்டில் சாய்ந்து மொத்த ஆசிட்டும் சோடாவில் கொட்டிவிட்டால் அழுத்தம் ஒரே மூச்சில் ஏறும். பாதுகாப்பு வால்வ் இல்லாத கிட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். குழந்தை, பூனை உள்ள வீட்டில் பாட்டில்களை ஒரு பக்கெட்டுக்குள் நிறுத்தி வையுங்கள்.

இனி மீன். கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று எல்லோரும் சொல்லும் அளவை நம் ஊர்க் கோடையில் நான் எட்டவிடுவதில்லை. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஏற்கனவே மூச்சுக்குத் தட்டுப்பாடான நீரில் வாயுவையும் ஏற்றினால் மீன் தாங்காது. நீரில் கரைந்த வாயுவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கரில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே நின்றாலே செடிக்குப் போதும். மஞ்சளானால் அதிகம். அதற்குள் ஊற்ற வேண்டியது காரத்தன்மை 4 dKH என்று அளந்து விற்கும் கரைசல். தொட்டித் தண்ணீரை ஊற்றினால் காட்டும் நிறத்துக்கு அர்த்தமே இல்லை. நிறம் மாறவும் ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்கு முன்பே மீன் சொல்லிவிடும்: எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும், செவுள் படபடக்கும். உடனே டியூபை வெளியே இழுத்துப் போடுங்கள், ஏர் மோட்டாரைப் போடுங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

கடைசியாக, பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் தீயணைப்பு சிலிண்டர். அதை வாங்கி வாயு நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை சுற்றி வருகிறது. கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்காது. அதற்கு மேல் சூடு ஏற ஏற உள்ளே அழுத்தம் கிடுகிடுவென ஏறும். நம் வீட்டு அறை வருஷத்தில் பாதி நாள் அந்தச் சூட்டைத் தாண்டுகிறது. அழுத்தச் சோதனைத் தேதி பொறிக்காத அல்லது அந்தத் தேதி கடந்துபோன சிலிண்டரை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினால் ஈஸ்ட் கரைசலைக் கொட்டிவிட்டு, விளக்கு நேரத்தையும் குறைத்துவிட்டுப் போங்கள். ஒரு வாரம் வாயு இல்லாவிட்டால் செடி செத்துவிடாது.