ரிலீவர்

எங்கள் மலைக் கிராமமான செம்மநத்தத்தில் பெரியப்பாவை ‘மால்கோக்காரர்’ என்றால்தான் தெரியும். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் கல் லாரிகளில் மேட்டூரிலிருந்த மால்கோ அலுமினிய ஆலைக்கு இறங்கிய காலம் அது. நாலு டன் கல்லுக்கு ஒரு டன் அலுமினியம் தேறும். 1970களின் தொடக்கத்தில் அந்த ஆலையில் சேர்ந்தவர், ஓய்வு பெறும்வரை அலுமினியம் பிரித்தெடுக்கும் தொட்டிகள் இருந்த பாட் ரூமிலேயே இருந்தார்.

தொட்டிக்குள் 950 டிகிரி கொதிப்பு. சில மணி நேரம் மின்சாரம் நின்றால் உள்ளே இருப்பது உறைந்து பாறையாகிவிடும். அதனால் இராப்பகலாக ஆள் நிற்க வேண்டும். “ரிலீவர் வராம எடத்த விட்டு நகரக்கூடாது கண்ணு” என்பார். அடுத்த ஷிப்டுக்கு மாற்றிவிட அந்த ஆள் வந்தாலும் உடனே கிளம்பமாட்டாராம். எந்தத் தொட்டி தகராறு செய்கிறது, எதில் கண் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார்.

எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான். பாட்டி படுக்கையில் விழுந்த வருஷம், வார விடுமுறைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி வந்த மனுஷன், களைப்பு தீரத் தூங்கவில்லை. இரவுக் காவலைத் தன் பங்காக எடுத்துக்கொண்டார். விடியற்காலை சித்தப்பா வந்ததும் எத்தனை மணிக்கு மருந்து கொடுத்தது, கஞ்சி எவ்வளவு குடித்தாள், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தது, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் மிளகுக் கொடியைப் பார்க்கப் போவார். பாசம் உள்ளவர்கள் எங்கள் வீட்டில் நிறைய. பொறுப்பைக் கைமாற்றத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

2008இல் ஆலையின் அலுமினியம் உருக்கும் பிரிவை மூடிய செய்தி வந்தபோது அவர் ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. “கடைசி ஷிப்டுக்கு யாருடா ரிலீவர்?” என்று கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஆண்கள் பலர் செய்யாமல் விடும் ஒன்றை அவர் செய்தார். பி.எஃப். பென்ஷன் புத்தகம், பாஸ்புக், நிலத்துப் பட்டா, ஆதார் நகல் எல்லாம் ஒரு மஞ்சள் பையில். மாதம் ஒருமுறை பெரியம்மாவை உட்கார வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். 1995 பென்ஷன் திட்டப்படி தன் காலத்துக்குப் பிறகு பென்ஷனில் பாதி அவளுக்கு வரும், அதற்கு எந்தத் தாள் வேண்டும் என்பது வரை. அவள் கோபித்துக்கொண்டு எழுந்து போவாள். அடுத்த மாதம் மறுபடி அழைப்பார்.

அவர் போனபின் பேங்குக்கு நானும் கூடப் போனேன். இறப்புச் சான்றிதழை மேலே வைத்து, மற்றதை வரிசையாக அடுக்கிப் பெரியம்மாவே கவுன்டரில் நீட்டினாள். நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.