கிராப்பிக்கு முதலில் ஆழம் பழகு

ரீல்ஃபுட் ஏரிக்கரை, டென்னசி

அன்புள்ள நண்பா,

கிராப்பி மீன் பிடிக்கப் பழக வேண்டும், எதையெல்லாம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பத்தடி நீளக் கோல், நரம்பு, ஒரு தக்கை, மெல்லிய கம்பியில் செய்த முள், ஒரு வாளியில் உயிருள்ள பொடிமீன்கள். இவை போதும். இந்த மீனைப் பொறுத்தவரை கற்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது. அதைக் கற்பதற்கு இந்த ஏரியைப் போல் பொருத்தமான இடம் குறைவு. 1811 டிசம்பர் முதல் 1812 பிப்ரவரி வரை மிசிசிப்பிப் பள்ளத்தாக்கை உலுக்கிய நியூ மாட்ரிட் நிலநடுக்கங்களில் நிலம் தாழ்ந்து, காட்டுக்குள் நீர் புகுந்து உருவான ஏரி இது. சராசரி ஆழம் ஐந்தடி அளவுதான். சைப்ரஸ் மரங்கள் நீருக்குள்ளேயே நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அடிக்கட்டைகள் எங்கும் கிடக்கின்றன. அவற்றின் மேல் வழுக்கிப் போவதற்கென்றே இங்கே உருவான படகுக்கு ஸ்டம்ப்ஜம்பர் என்று பெயர். கிராப்பியும் இந்தக் கட்டைகளையும் கிளைகளையும் ஒட்டித்தான் கூட்டமாக நிற்கும். தூர வீசினால் தூண்டில் சிக்கிக்கொள்ளும். நீண்ட கோலோ இரையை மரத்தின் ஓரமாக நேராக இறக்கும். முள் கட்டையில் மாட்டினால்கூட, நரம்பு ஓரளவு உறுதியாக இருந்தால் போதும். இழுத்ததும் மெல்லிய கம்பி நிமிர்ந்து வெளியே வந்துவிடும், மறுபடி வளைத்துக்கொள்ளலாம்.

இனி ஆழத்துக்கு வருகிறேன். கிராப்பி பெரும்பாலும் மேல்நோக்கியே இரை தேடும். தனக்குக் கீழே தொங்கும் இரைக்காக அது இறங்கி வருவது அரிது. ஆகவே மீன் நாலடியில் நிற்கும்போது ஆறடியில் தொங்கும் இரை வீண். மூன்றடியில் தொங்கினால் கடிக்கும். தக்கையை நரம்பில் அரையடி அரையடியாக நகர்த்திப் பார்ப்பவனுக்கு இந்த விதி கை வழியாகவே பழகிவிடும். கடித்ததும் வெட்டி இழுக்காதே. இதன் வாயோரத் தோல் காகிதம் போல மெல்லியது, கிழிந்தால் மீன் போய்விடும். நிதானமாகக் கோலை உயர்த்தினால் போதும்.

நீருக்குள் மீன் அசைவதை அந்தக் கணத்திலேயே திரையில் காட்டும் சோனார் இருக்கும்போது தக்கையை ஏன் நகர்த்த வேண்டும் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் கருவி மீனைக் காட்டுவது உண்மை, கோடையில் ஆழமான நீர்த்தேக்கங்களில் அது பெரிய உதவியும்கூட. ஆனால் அங்கே ஏன் நிற்கிறது என்பதைத் திரை சொல்லாது. நீர் ஏறத்தாழ 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும் வசந்தத்தில் ஆண் மீன்கள் கரையோரம் வந்து, பெண் மீன்கள் முட்டையிட இடம் தயார் செய்கின்றன. கோடையில் வெப்பமும் ஆக்சிஜனும் ஒத்துவரும் மட்டத்துக்கு மீன்கள் இறங்குகின்றன. இந்தக் காரணத்தை அறிந்தவனுக்குத்தான் திரையில் தெரியும் புள்ளிக்குப் பொருள் புரியும். அந்தக் கருவிக்கான ஆயிரக்கணக்கான டாலர் செலவு இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்குக் காத்திருக்கலாம்.

இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று உண்டு. வசந்தத்தில் பிடித்தால், முட்டைக்குக் காவல் நிற்கும் ஆணைத்தானே பிடிக்கிறோம்? ஆம், காவல் போனால் அந்தக் கூட்டின் முட்டைகளைப் பிற மீன்கள் தின்றுவிடும். இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒரு பெண் கிராப்பி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓர் ஆண்டில் எத்தனை குஞ்சுகள் பிழைக்கும் என்பது நீர்மட்டத்தையும் வானிலையையும் பொறுத்து வெகுவாக ஏறி இறங்கும். மேலும், பெரும் ஆழத்திலிருந்து இழுத்த மீனுக்குக் காற்றுப்பை விரிந்துவிடுவதால், திரும்ப விட்டாலும் அது பிழைப்பது கடினம். ஐந்தடி நீரில் பிடித்ததை உயிரோடு விடலாம். பழகுகிறவன் பல மீன்களைத் திரும்ப விடவேண்டி வரும் என்பதால், ஆழமில்லாத நீரே அவனுக்கும் மீனுக்கும் நல்லது. சமையலுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள், முட்டையிடும் காலத்தில் கருத்துப்போன ஆண் மீன் கிடைத்தால் பிடித்த இடத்திலேயே விட்டுவிடு.

ஏப்ரலுக்கு முன் கோலை வாங்கிவிடு. அதற்கும் முன்னால் டென்னசி மாநில லைசென்ஸை எடுத்துக்கொள். எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்ற வரம்பு ஏரிக்கு ஏரி மாறும், அதைப் படிக்காமல் முள்ளை நீரில் இறக்காதே.

அன்புடன்,
உன் நண்பன்