வீரபட்டினம்

வங்கக் கடல் ஒருபுறமும் பக்கிங்காம் கால்வாய் மறுபுறமும் சூழ, இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்த ஊர் காட்டுப்பள்ளி. அதற்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் உள்ளது. பெருங்கலங்கள் வந்து நிற்கும் துறைமுகத்தால் காட்டுப்பள்ளியின் பெயரை இன்று பலரும் அறிவர். ஆயின், அதற்கு மேற்கே சில கல் தொலைவில் உள்ள காட்டூரை அறிந்தோர் சிலரே. பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த அச்சிற்றூரின் பழைய கல்வெட்டொன்று, பண்டை வணிகரைப் பற்றி அரியதொரு செய்தியைக் கூறுகின்றது.

சோழர் காலத்தில் தொலைநாட்டு வாணிகம் தனியொருவரால் இயலும் தொழிலன்று. கடலில் புயலும் கொள்ளையரும், காட்டுவழியில் கள்வரும் விலங்கும், ஊர்தோறும் சுங்கம். ஆகவே வணிகர் கூடி வாழ்ந்தனர். வளஞ்சியர், நானாதேசிகள், மணிக்கிராமத்தார் எனப் பல குழுவினர் இருந்தனர். அவருள் பெரும்புகழ் பெற்ற கூட்டத்தார் திசையாயிரத்து ஐந்நூற்றுவர். கன்னட நாட்டு ஐகொளெ என்னும் ஊரைத் தம் மூலவூராகப் போற்றியவர் இவர். தமிழ்க் கல்வெட்டுகளில் அவ்வூர் ஐயப்பொழில் எனப்படும். ஐந்நூற்றுவர் என்றமையால் அவர் எண்ணிக்கை சரியாக ஐந்நூறே என்று கருதிவிடலாகாது. நாளடைவில் பல மொழியினரும் பல குலத்தினரும் அப்பெயரின்கீழ் ஒன்றுபட்டனர். சுமத்திராத் தீவின் பாருசு என்னும் துறையில், கி.பி. 1088 ஆம் ஆண்டில் இவர்கள் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இருக்கின்றது. அங்கு வரும் கலத்தினர் செலுத்தற்குரிய பொன்னை அது வரையறுக்கின்றது. கடல் கடந்தும் அவர் கட்டுப்பாடு செல்லுபடியாயிற்று!

பண்டத்தைக் காக்கப் படை வேண்டுமன்றோ? எறிவீரர், முனைவீரர் என்னும் போர்மறவர் இக்கூட்டத்தாரோடு இணைந்திருந்தனர். காவல் வலிமையும் தனியுரிமைகளும் பெற்ற வணிக ஊர்கள் எறிவீரபட்டினம் என்றும் வீரபட்டினம் என்றும் வழங்கப்பெற்றன.

காட்டூரும் அத்தகைய ஊரே. முன்பு ஐயப்புழல் என்று பெயர் பெற்றிருந்த அவ்வூரை வீரபட்டினமாக்க, வணிகர் மயிலார்ப்பில் கூடி முடிவு செய்தனர். மயிலார்ப்பு என்பது இன்றைய மயிலாப்பூர். காட்டூரில் வாழும் தம் இனத்தார் பொதுக்கொடைகள் செலுத்த வேண்டுவதில்லை என்றும், முன் பெற்றதினும் இருமடங்கு பெறுக என்றும் உரிமை வழங்கினர். இவ்வளவே எழுதியிருப்பின் அது வெறும் சலுகை ஓலையாய் முடிந்திருக்கும். மேலும் ஒன்று எழுதினர். வாளை உருவி அச்சுறுத்தியோ, ஆளைப் பிடித்து வைத்தோ வரியும் சுங்கமும் கேட்கும் வணிகர் எவரும் அவ்வூரில் வாழலாகாது. பிறர் உணவைப் பறித்து வருத்துவோர்க்கும் அங்கு இடமில்லை. மீறுவோர் வளஞ்சியருக்குப் புறம்பாவர்.

இவ்விலக்கு யாரை நோக்கியது? கள்வரையன்று, பகையரசரையன்று, தம்முள்ளாரையே. வாளேந்திய கூட்டத்தில் அவ்வாள் உள்நோக்கித் திரும்பவும் கூடும் என்பதை அவர் நன்கறிந்திருந்தனர் போலும். அடைத்து வைக்கச் சிறையும் ஆணையிட மன்னனும் இல்லாத அவர்க்கு, விலக்கி வைத்தலே தண்டம். தோழமையின்றித் தொலைவழி செல்ல இயலாத வணிகனுக்கு அதனினும் கொடியது வேறில்லை.

வணிகர் கூட்டம் மறைந்துவிட்டது. அதன் வழிவந்தது என்று சொல்லச் சான்று இல்லையாயினும், பழவேற்காட்டு மீனவரிடை வழங்கும் 'பாடு' முறை இங்கு நினைக்கத்தக்கது. முகத்துவாரத்தை அடுத்த நீரில் இறால் மிகுதி. வலியவன் அவ்விடத்தைத் தனதாக்கிக்கொண்டால் எளியவன் அடுப்பு எரியாது. ஆதலின் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் முறைவைத்து வலையிடும் வழக்கத்தை ஏற்படுத்திக் கொண்டனர். தலைக்கட்டு ஒவ்வொன்றுக்கும் அதில் பங்குண்டு. இன்று நல்லிடம் பெற்றவன் நாளை அதனைப் பிறனுக்கு விடுவான். இம்முறையில் இடம்பெறாத ஊரார் மனக்குறை கொண்டதும், அதனால் பூசல் விளைந்ததும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும், பங்குடையோர்க்குள் மூத்தவர் செல்வர் என்ற வேறுபாடின்றி முறை சுழலும். முறை தவறி வலையிட்டவன், படகும் வலையும் நிரம்ப உடையவனேயாயினும், ஊர்ப் பஞ்சாயத்தின் முன் நின்று விடை கூறியாக வேண்டும்.