பம்பரில் ஒரு சிராய்ப்பு

நாலந்தாக் கெடிகேயைக் காட்டுவதற்காக மாணவர் சிலரை அழைத்துச் சென்ற ஒரு சனிக்கிழமையன்று, நண்பரொருவரின் காரில் நாம் ஒரு வடுவை உண்டாக்கிவிட்டோம். மாணவர் பஸ்ஸில் வந்தனர். அவர்களுக்கான சோற்றுப் பொதிகளை ஏற்றிச் செல்ல, உடன் கற்பிக்கும் ஆசிரியர் தமது காரை இரவல் தந்திருந்தார். கண்டி - யாழ்ப்பாண வீதியிலிருந்து கெடிகேக்குப் பிரியும் ஒடுங்கிய பாதையில் வண்டியைப் பின்னோக்கி எடுத்தபோது, கொங்கிரீட் தூணொன்று பின்பம்பரின் இடது மூலையை உரசிற்று. ஒரு சாண் நீளம். நடுவிலே வெள்ளை வர்ணம் அறவே போய்க் கரிய பிளாஸ்டிக் தெரிந்தது.

நண்பர் கடிந்துகொள்ளக் கூடியவரல்லர் என்பதே நமக்குப் பெருந்துன்பமாயிற்று. வங்கிக் கடனில் வாங்கிய பழைய வண்டி அது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்திலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய சிறு கார்கள் நகைபோல் விலையேறின. ஓர் ஆசிரியர் தம் காரின் சிராய்ப்பைத் தடவிப் பார்ப்பது பிள்ளையின் நெற்றிக் காயத்தைத் தடவுவது போலாயிற்று. திங்கட்கிழமை காலைக்குள் வடு மறையவேண்டும் என்று உறுதிகொண்டோம்.

பிரதான வீதியோரத்தில் தகரக் கூரையிட்ட பட்டறை ஒன்று இருந்தது. பாஸ் - ஒல்லாந்தர் விட்டுச்சென்ற இச்சொல்லால் சிங்களவரும் தமிழரும் தலைமைத் தொழிலாளியை ஒருங்கே அழைக்கின்றோம் - பதினெண்ணாயிரம் ரூபா கேட்டார். நாம் பதின்மூவாயிரத்துக்கு இறக்கினோம். ஆசிரியச் சம்பளத்தைச் சொன்னோம், அரிசி விலையைச் சொன்னோம், சொல்வன்மை யாவும் காட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே உடன்பட்டார். உள்ளேயிருந்து ஓர் இளைஞர் வாளியும் துணியுமாக வந்து, "சேர், நீங்களா?" என்றார்.

நான்காண்டுகளுக்கு முன் நம்மிடம் சாதாரண தரத்திற்குத் தமிழ் பயின்றவர். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வந்தவர். பரீட்சை முடிவுகள் வந்தபின் பாடசாலைப் பக்கம் காணவில்லை. இத்தகையோரை 'அவன்' என்றே எழுதிப் பழகிய கை நம்முடையது. ஆயின் அன்றும் மறுநாளும் கற்பித்தவர் அவர், கற்றவர் நாம். ஆதலால் 'அவர்' என்றே எழுதுகின்றோம்.

முதலிற் சவர்க்கார நீராற் கழுவினார். பிறகு மெழுகு, எண்ணெய்ப் பிசுக்குகளை நீக்கும் திரவத்தாலே துடைத்தார். பிசுக்கு எஞ்சியிருந்தால் புது வர்ணம் அவ்விடத்தில் ஒட்டாது குழிகுழியாய் விலகுமாம். பிறகு நம் கையைப் பிடித்துச் சிராய்ப்பின் மேல் நகத்தை ஓட்டச் செய்தார். நகம் தடையின்றிச் சென்றால் வடு மேற்பூச்சில் மட்டுமே உளது. கொம்பவுண்ட் இட்டுத் தேய்த்தாற் போதும். நகம் சிக்கினால் வர்ணம் வெட்டுண்டது என்று பொருள். ஓரங்களிற் சாம்பல் நிறமாய்க் கிடந்த கோடுகள் நம் வண்டியின் காயமே அல்ல, தூணின் பூச்சு அப்பியவை; சில நிமிடங்களில் அவை மறைந்தன. எஞ்சியது உள்ளங்கையளவு. ஐயாயிரத்தைக் குறைத்ததில் நமக்கு அப்போது ஒரு பெருமிதங்கூட எழுந்தது.

அந்த உள்ளங்கையளவிலேதான் வேலை முழுவதும் இருந்தது. 320 இலக்க மண்கடதாசியில் தொடங்கி, 400, 600, 800 என்று நீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். பழைய வர்ணத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டாத வகையிற் சரிந்து கரையவேண்டும். விளிம்பு நின்றுவிட்டால் புதுப் பூச்சின் கீழ் அது வரப்பைப் போலக் காட்டிக்கொடுத்துவிடும். பம்பரின் உட்புறத்திலே பொறித்திருந்த எழுத்துகளைக் காட்டினார்: பொலிபுரொப்பிலீன். வர்ணம் எளிதில் ஒட்டாத பிளாஸ்டிக் இது. ஆகவே ஒட்டுதலுக்கென்றே ஒரு திரவத்தைப் பூசி, அதன் மேல் வளைந்துகொடுக்கும் பட்டி. தகரத்துக்கு இடும் பட்டியைப் போட்டால் பம்பர் நெளியும்போது வெடித்துவிடும். அதன் மேல் பிரைமர். புணர்ச்சி விதிகளை எத்தனை முறை சொல்லியும் மனத்திற் கொள்ளாத அம்மாணவர், எதனோடு எது புணரும், எது புணராது என்பதை இங்கே ஒரு பிழையின்றிச் சொன்னார். பிழை மாணவரிடத்தா, நம்முடைய பாடத்திடத்தா என்பதை வாசகர் முடிவுசெய்க.

நிறமும் தனிக் கல்வி. வண்டியின் தகட்டிலே நிறத்தின் குறியீட்டு எண் உண்டு. அதைக் கடையிற் சொன்னால் வர்ணத்தைக் கலந்து தருவார்கள். ஆனால் அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் நிறம். ஆண்டுக்கணக்கில் மாத்தளை வெயிலிற் கிடந்த வெள்ளை வேறு. ஆகவே அட்டைத் துண்டில் அடித்து, உலர்த்தி, பம்பரருகிற் பிடித்துப் பார்த்து, ஒரு துளி மஞ்சள், அரைத் துளி கறுப்பு என்று சேர்த்துக்கொண்டே போனார்.

அடிபடுவதற்கென்றே வைத்த உறுப்புக்கு ஏன் இத்தனை அலங்காரம் என்ற கேள்வி நமக்கு எழுந்தது. நம் தந்தையர் காலத்து மொறிஸ் மைனரில் பம்பர் என்பது குரோம் பூசிய உருக்குப் பட்டை. இடித்தால் நெளியும், தட்டி நிமிர்த்துவார்கள். 1972இல் வந்த ரெனோ 5 காரிலே பிளாஸ்டிக் பம்பர் புகுந்தது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு வண்டிகள் தொடக்கம், மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கம் மோதினாலும் விளக்கு முதலிய உறுப்புகள் பழுதுபடலாகாது என்று சட்டமிட்டனர். 1982இல் அவ்வளவு 2.5 மைலாகக் குறைக்கப்பட்டது. பின்னர் பம்பருக்கும் உடலின் நிறத்தையே பூசி விற்கும் வழக்கம் எங்கும் பரவியது. வண்டியைக் காக்கவேண்டிய உறுப்பை நாம் காக்கவேண்டியதாயிற்று. சிறு உரசலும் பெருஞ்செலவு. அச்செலவு உற்பத்தியாளரைச் சேர்வதில்லை, சொந்தக்காரரின் தலையில் விழுகின்றது. சொந்தக்காரர் அதை யார் தலையில் இறக்குகிறார் என்பதை மறுநாள் கண்டோம்.

ஞாயிறு காலை பிரைமர் உலரும் வேளையில் மீண்டும் கெடிகேக்கு நடந்தோம். பல்லவர் கலையின் சாயலோடு திராவிட முறையிற் கட்டப்பட்ட பௌத்த ஆலயம் அது. தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையே மதில் எழுப்புவோர் ஒரு முறை வந்து பார்க்கவேண்டிய இடம். மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது மூழ்கவிருந்த அதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டிலே மீண்டும் அடுக்கினார்கள். இத்தகைய திருத்தங்களுக்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு நெறி உண்டு. புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இசைய வேண்டும், ஆயினும் பழையதினின்றும் வேறென்று தெரியவும் வேண்டும் என்கிறது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். கல்லுக்குத் திருத்தியவன் கை தெரியலாம். நம் பம்பருக்கோ தெரியவே கூடாது என்று கூலி பேசியிருந்தோம்.

திரும்பி வந்தபோது மேற்பூச்சுத் தொடங்கிவிட்டது. பட்டறையின் ஒரு மூலையைப் பொலித்தீன் விரிப்பால் மறைத்திருந்தார்கள். உள்ளே வெண்புகையின் நடுவே நம் மாணவர். முகத்திலே மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிய ஒரு கைக்குட்டை, வேறொன்றுமில்லை. சுவரில் ஓர் ஆணியில் இறப்பர் முகமூடி தொங்கிற்று.

"தம்பி, அதைப் போடவில்லையா?"

"பில்டர் முடிஞ்சிருச்சு சேர். இந்த வேலைக் காசுல வாங்குவோம்னு பாஸ் சொன்னாரு. கணக்குப் பார்த்தா மிஞ்சல. அடுத்த வேலையில வாங்கிக்கலாம்."

குறைகூறும் தொனி அவர் குரலில் எள்ளளவும் இருக்கவில்லை. நாம் பேசி இறக்கிய ஐயாயிரம் எங்கிருந்து இறங்கிற்று என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லக்கூடாது என்பதும் தெரியும்.

பளபளப்புத் தரும் அத்தெளிபூச்சில், 'ஹார்ட்னர்' என்று பட்டறையில் வழங்கும் திரவத்தைக் கலப்பார்கள். ஐசோசயனேற்று என்னும் இரசாயனம் அதில் உளது. வர்ணம் விசிறும் தொழிலாளரை ஆஸ்துமா நோயாளராக்குவதிற் பெயர்பெற்றது. அதன் நுண்துளிகள் கண்ணுக்குத் தெரியா, மணத்தாலும் எச்சரிக்கா. உடல் ஒருமுறை அதனை ஒவ்வாததாகக் கொண்டுவிட்டால், பின்னர் சிறிதளவும் மூச்சை இறுக்கும். உண்மையிற் பில்டர் முகமூடியும் போதாது. குழாய் வழியே தூய காற்றூட்டும் முகமூடியும், காற்றை இழுத்து வெளியேற்றும் தனியறையும் வேண்டும். வேலைத்தலத் தொழிலாளரின் பாதுகாப்புக்கென இந்நாட்டில் 1942இன் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. தகரக் கூரையின் கீழ்ப் பொலித்தீன் விரிப்புக்குள் அது நுழைந்ததாகத் தெரியவில்லை.

நம்மைச் சுட்டது வேறொன்று. இதே வீதியாகத்தான் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட மக்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலே கொள்ளைநோயில் விழுந்தோர் பலர். 2023இல், மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் நடந்தபோது நாமும் சிறிது தூரம் சேர்ந்து நடந்தோம். உழைப்பை அங்கீகரி என்று உரக்கச் சொன்னோம். அம்மக்களின் பேரனிடம், அதே வீதியோரத்திலே, ஐயாயிரம் ரூபாவை வெட்டினோம்.

பூச்சை நிறுத்தச் சொன்னோம். "பாதியில நிப்பாட்டினா தழும்பு விழும் சேர்" என்று முடித்துவிட்டே வெளியே வந்தார். இருமினார். தூசி என்றார்.

ஐயாயிரத்தைப் பாஸிடம் நீட்டினோம். பில்டருக்கு என்று அழுத்திச் சொன்னோம். வாங்குவதற்கு அவர் கூசினார். பேசிய பேச்சு பேச்சுத்தான் என்றார். பின்னர் வாங்கிக்கொண்டு, தமக்கும் நெஞ்சிறுக்கம் உண்டென்றும், இரவில் எழுந்து உட்கார்ந்தே உறங்குவதென்றும், வேறு எவர் கதையையோ சொல்வது போலச் சொன்னார். இருபத்தைந்து ஆண்டாக விசிறுகிறாராம். பில்டர் வாங்கினாரா என்று பார்க்க அடுத்த சனிக்கிழமை போனோம். முகமூடியிற் புதிதாக இரண்டு பில்டர்கள் இருந்தன. எத்தனை வேலைக்கு அவை தாங்கும் என்று கேட்டோம். அது வேலையைப் பொறுத்தது என்றார் நம் மாணவர்.

அதற்கு முன், திங்கட்கிழமை காலை, பாடசாலை முற்றத்தில் நண்பர் தம் காரைச் சுற்றி இருமுறை வந்தார். குனிந்து, உள்ளங்கையால் பம்பரைத் தடவினார்.

"எந்த இடம்?" என்றார்.

இடது பக்கம், விளக்கிலிருந்து ஒரு சாண் கீழே என்று தொட்டுக் காட்டினோம்.