ரோசாவில் பிழை இல்லை

தை பிறந்தால் எங்கட வீட்டில் தும்மலும் பிறந்துவிடும். அக்கா, தங்கச்சி இருவருக்கும் பீனிசம். கிணற்றடி ரோசா பூத்துக் குலுங்குவதும் அப்போதுதான். ஆகவே பழி முழுக்க ரோசாவுக்கு. "உதைப் பிடுங்கி எறியப்போறன்" என்று அம்மா ஒவ்வொரு வருசமும் சொல்லுவா.

1996இல் இடம்பெயர்ந்து திரும்பிய கையோடு அம்மம்மா ஊன்றிய தடி அது. இப்போது அம்மம்மா இல்லை. பிடுங்க எங்களுக்கு மனம் வரேல்லை.

தேடி வாசித்தோம். ரோசாவின் மகரந்தம் பாரமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்றில் பெரிதாகப் பறக்காது. தேனீயும் வண்டும்தான் காவும். அடுக்கு ரோசாவில் கேசரங்கள் பல இதழ்களாகிவிடுவதால் மகரந்தமும் குறைவு. காற்றோடு வந்து மூக்கில் ஏறுவது புல்லின் மகரந்தம். மாரி முடிய எங்கட வேலிக்கரை முழுக்கப் பூத்து நிற்பதும் புல்லுத்தான்!

இந்தமுறை அது பூக்க முன்னமே மாஸ்க் போட்டுக்கொண்டு செருக்கினோம். தும்மல் நிற்கவில்லை, குறைந்தது. ஒரு பின்னேரம் பூவுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் ஆசைதீர மணந்தோம். உடனே இரண்டு தும்மல்.

பார்த்துக்கொண்டு நின்ற அம்மா ஒண்டும் சொல்லேல்லை. தேயிலைச் சக்கையைக் கொண்டுவந்து ரோசாவின் அடியில் கொட்டினா.