பாட்டு மேல் வழக்கு

மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. வலை பொத்துகிறவர்கள் நடுவில் ஒரு புளூடூத் பெட்டி, அதில் ‘எஞ்சாய் எஞ்சாமி’. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு ஒருவர் தோளைக் குலுக்குகிறார். யார் பாடினது என்று கேட்டேன். “தீ” என்றான் ஒரு பையன். “அறிவும்ணே” என்றான் இன்னொருவன். டீ வந்துவிட்டதால் பேச்சு அதோடு நின்றது.

*

தகராறே அந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில்தான். பாட்டு 2021 மார்ச்சில் மாஜ்ஜா இசை நிறுவனம் வெளியிட்டது. இசை சந்தோஷ் நாராயணன், எழுத்து அறிவு, குரல் தீயும் அறிவும். யூடியூபில் 40 கோடி தடவைக்கு மேல் பார்த்தாகிவிட்டது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதைப் பகிரங்கமாகவே கேட்டார். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாட, அறிவு இன்ஸ்டாகிராமில் மனக்குறையை எழுத, சந்தோஷ் பதில் எழுத, கேட்டவர்கள் இரண்டு கட்சியானார்கள். 2024-ல் சந்தோஷே வந்து, இந்தப் பாட்டால் எங்களுக்குக் காலணா வரவில்லை என்றார். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான்.

அட்டை விஷயத்தில் நான் அறிவு கட்சி. ஆனால் பாம்பனில் உட்கார்ந்து கேட்டால் வேறொரு குறையும் உறுத்துகிறது.

*

பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் கேம்ப். ரயில்வே ஸ்டேஷன் பெயரே அதுதான். ஈழ அகதிகள் முகாம் என்று இன்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு வெகுகாலம் முன்பு அது இலங்கை அரசு நடத்திய இடம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலிகளை நாட்கணக்கில் அடைத்துவைத்து, அம்மை குத்தி, காலரா இல்லை என்று பார்த்த பிறகே ரயிலேற்றுவார்கள். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் அதே வருடம்தான். பாலத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் கப்பலுக்கு மறுபுறத்தில் என்ன இருந்தது என்று பேசுவதில்லை.

பாட்டில் வருகிற வள்ளியம்மாள் அறிவின் பாட்டி, இலங்கைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, பாக்கி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனது. பிறகு ராமேசுவரத்தில் வந்திறங்கியவர்கள் அதே மண்டபத்தில் காகிதம் வாங்கிக்கொண்டு கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய் மறுபடி கொழுந்து பறித்தார்கள்.

மண்டபத்தில் ஓர் ஆச்சி, பேரன் போனில் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னது: “இது ஒப்பாரில்ல. இதுக்கு ஏன்டா ஆடுறீக?”

சண்டையில் இரண்டு கட்சியும் எழுதிக் குவித்ததில் ராயல்டி வந்தது, அட்டைப்படம் வந்தது. ஐந்தேகால் லட்சம் பேர் எங்கேயும் வரவில்லை.

*

பாட்டுக்கு வழக்கு என்றால் 2015-ஐ எழுதிவைக்க வேண்டும். அக்டோபர் 30, திருச்சி. மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவனை விடிவதற்குள் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். டாஸ்மாக்கை மூடு என்று பாடியதற்கு 124ஏ, தேசத்துரோகம். அதே நாளில் பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை. அதற்காக எங்கள் மாவட்டத்தில் மதுக்கடைகளை மூடிவைப்பது வழக்கம்.

டிசம்பரில் ‘பீப் சாங்’. சென்னை வெள்ளம் வடிந்தும் வடியாமலும் இருக்கிற நேரம். பெண்ணை இழிவாகப் பாடியதற்காக மாதர் சங்கத்தினர் கோவையில் புகார் கொடுத்தார்கள். பாடிய நடிகர் சிம்பு, அது அந்தரங்கமாகப் போட்டது, யாரோ திருடி வெளியிட்டுவிட்டார்கள் என்றார். முன்ஜாமீன் கிடைத்தது. புகார் சரியான புகார். பெண்ணைத் திட்டுகிற ‘சூப் சாங்’ வரிசைக்கு அதற்கு முன்னாலேயே யாராவது குரல் கொடுத்திருக்கலாம். ‘கொலவெறி’க்கு நாடே தாளம் போட்டது, நானும்தான்.

ஒருவருக்குச் சிறை, ஒருவருக்கு முன்ஜாமீன். நடுவில் இரண்டு மாதம் சொச்சம்தான்.

*

கானாப் பாடகி இசைவாணி. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடையில் ஐயப்பன் கோயிலுக்குள் பெண் நுழைவதைப் பற்றிப் பாடிய கானா. சபரிமலைத் தீர்ப்பு 2018. அந்தக் காலத்துப் பாட்டுக்கு 2024 நவம்பரில், மாலை போடுகிற சீசனில், புகாரும் மிரட்டலும் வந்தன. இந்தக் கோபத்தை இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தார்களோ.

*

‘கர்ணன்’ படத்தில் ‘பண்டாரத்தி புராணம்’. தேவா பாடியது, யுகபாரதி எழுதியது, கேட்டால் தொண்டை அடைக்கும். 2021-ல் பண்டாரச் சமூகத்தினர் ஆட்சேபித்தார்கள், விஷயம் நீதிமன்றம் வரை போனது, இயக்குநர் மாரி செல்வராஜ் ‘மஞ்சனத்தி’ என்று மாற்றினார். காதலியின் பெயர் அது, வசவு இல்லை. ஆனாலும் தங்கள் பெயரை வசவாகவே கேட்டுப் பழகியவர்களிடம் போய் இதை எப்படி விளக்குவது? மாற்றியது தப்பில்லை என்றுதான் படுகிறது.

‘தேவர் மகன்’ 1992. ‘போற்றிப் பாடடி பொண்ணே’ வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. படம் கடைசியில் அரிவாளைக் கீழே போடச் சொல்கிறது. பாட்டு மட்டும் படத்திலிருந்து இறங்கி வேன் ஏறிவிட்டது. 2023-ல் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டில், கமலை எதிரில் வைத்துக்கொண்டே, அந்தப் படம் தனக்குக் கொடுத்த வலியை மாரி சொன்னார். அக்டோபர் கடைசியில், குருபூஜை சமயம், ராமநாதபுரம் ரோட்டில் நின்றால் கொடி கட்டிய வண்டிகளில் அதே பாட்டு, ஸ்பீக்கர் கிழிய. கேட்கப் பிடிக்காதவர் பஸ் ஸ்டாப்பில் நகர்ந்து நின்றுகொள்கிறார். இதற்கு ஒரு புகார் எழுதினால் எந்த ஸ்டேஷனில் வாங்குவார்கள், எழுதியவர் எந்த ஊரில் குடியிருப்பார்?